போன் பெட்டியில் எரிந்த டெஸ்டர்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. காலடிப்பேட்டையில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் வேலை எடுத்திருந்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். தொழிலைக் கையால் கற்றுக்கொண்டேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் வரமாட்டார். அவர் மனைவியும், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளும்தான் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். கீழே கூடத்தில் போன், மாடியில் மகளின் மேஜை அருகே கம்ப்யூட்டருக்கு இன்னொரு இணைப்பு. இன்டர்நெட் அப்போது போன் வயர் வழியாகத்தான் வரும். அந்தப் பெண் ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தாள்.

"டவுட்டுன்னா கேளுங்கண்ணா."

தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். படம் புரிந்தது, எழுத்து புரியவில்லை. சின்னப் பெண்ணிடம் போய் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

அதுவரை நான் பார்த்த வீடுகளில் போன் வயரை டெலிபோன் லைன்மேனே சுவர்மேல் ஆணியடித்துக் கொண்டுபோவார். சுவருக்குள் விட்டு எனக்குப் பழக்கமில்லை. கரண்ட் வயருக்குப் போட்ட பைப்புக்குள்ளேயே போன் வயரையும் சேர்த்து இழுத்தேன். வளைவில் இறுக்கிப் பிடித்தது. பலம் கொடுத்து இழுத்துவிட்டேன். பூச்சு முடிந்ததும் சுவர் அழகாக இருந்தது.

பால் காய்ச்சிய பிறகு லைன்மேன் வந்து இணைப்புக் கொடுத்தார். பல வருடம் தினக்கூலியாகவே இருந்தவர். "இன்னும் ரெண்டு மாசம் மாமு, பர்மனெண்ட் பண்ணிடுவாங்கோ. அதுவரிக்கும் பேஜாரு இல்லாம ஓடணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு டியூப் லைட் மாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனால், அந்த அம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. சற்று முன் ஈரத் துணியால், சுவரில் போன் வயர் வந்து சேரும் பெட்டியைத் துடைத்திருக்கிறார். கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது.

பெட்டியில் டெஸ்டரை வைத்தேன். போன் வயரில் டெஸ்டர் எரியவே கூடாது. எரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். சுவருக்குள் என்ன நடந்திருக்கும் என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"அந்த லைன்மேன் கஸ்மாலம் கம்பத்துல இன்னாத்தையோ மாத்தி முடுக்கிட்டுப் பூட்டான்" என்றார் அம்மா. "நான் பூட்டிருந்தா, கப்பல்ல கீற மனுசனுக்கு யாரு போய் சொல்றது?"

"நம்ம வயரிங்ல வராதும்மா" என்றாள் மகள். "போன் வயருக்குத் தனிப் பைப்புன்னு அண்ணன்கிட்ட எழுதியே குடுத்தேன். வெளியிலதான் கரண்ட் வயரோட உரசுது. அந்தாளு மேல கம்ப்ளெய்ண்ட் எழுதறேன்."

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். கவனக்குறைவு, உயிர் ஆபத்து, வேலையைவிட்டு எடுக்க வேண்டும். நான் ஏணியில் ஏறி டியூப் லைட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் வந்து, ரிப்பேர் என்று சொல்லி, வயரை உருவி மாற்றிவிடலாம் என்றுகூட மனம் வழி தேடியது.

எழுதி முடித்துக் கவரை ஒட்டி என்னிடமே நீட்டினாள். "போற வழியில போஸ்ட் பண்ணிடுறீங்களாண்ணா?"

வாங்கிவிட்டேன். வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன்.

"பாப்பா, இத்த அனுப்பாத. அந்தாளு ஒண்ணும் பண்ல. நான்தான் ரெண்டு வயரையும் ஒரே பைப்புல இட்டாந்தேன்."

"எழுதிக் குடுத்தேனேண்ணா?"

"எனுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது பாப்பா."

 அம்மாதான் கேட்டார். "தெரியலன்னா கேக்கறதுக்கு இன்னாய்யா? கேட்டா உன் மானம் பூடுமா? என் உசுரு பூட இருந்துச்சே!"

 வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். "நாளிக்கு வா. நீயே ஒட, நீயே போடு" என்றார்.

மறுநாள் அந்தப் பெண் எதுவும் எழுதவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கூடத்திலிருந்து மாடிவரை என்னோடு நடந்து, போன் வயர் போகவேண்டிய வழியைச் சுவரிலேயே கோடாக இழுத்துக் காட்டினாள். புது வண்ணம் மாறாத அந்தச் சுவரை நானே உளியால் கொத்தினேன். பழைய பைப்பிலிருந்து உருவிய வயர், வளைவு இருந்த இடத்தில் தோலுரிந்து செம்பு தெரிந்தது.

லைன்மேனுக்குச் சில மாதங்களில் வேலை நிரந்தரமானது. தெருவில் என்னைப் பார்த்து நிறுத்தி லட்டு கொடுத்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உண்மையைச் சொன்னவன் என்று இன்றுவரை என்னை நான் நினைத்துக்கொள்ள முடிந்ததில்லை. அந்தக் கடிதத்தை அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதி முடிக்கும்வரை ஏணிமேல் வாய்மூடி நின்றவனும் நான்தான்.