போயிட்டு வரும்

சுரண்டைப் பேருந்து நிலையத்தில் வண்டிக்காக நின்றிருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். "ஏலே, உன் மதினி போயிட்டா." ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்ததாம்.

நான் அங்கே நின்றதே மதினி சொன்ன வேலைக்காகத்தான். முதல்நாள் போனில், "கொழுந்தனாரே, நம்ம குளத்தை ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லுங்க. வாத்து வந்துட்டா இல்லையான்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்கு" என்றார். குளத்துக்குப் போகாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

செண்பகம் மதினி குற்றாலத்தில் எங்கள் சின்ன லாட்ஜை நடத்தியவர். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் மோட்டார், படுக்கை விரிப்பு, சாவிக்கொத்து என்று சாரல் சீசன் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார். சீசன் முடிந்தால் ஊரே காலை நீட்டிப் படுக்கும். இவர் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், குளத்தில் காட்டுவாத்துக் கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து வந்த பழக்கம் அது.

ஒருமுறை கூடப் போயிருந்தேன். "குளிருக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வரணுமாக்கும்?" என்று சீண்டினேன்.

"குளிரு அதுகளை ஒண்ணும் செய்யாது. மேல எண்ணெய் தடவின எறகு, உள்ள பஞ்சு மாதிரி தூவி. தண்ணி உறையாத எடம் கெடச்சா சிலது அங்கனயே கெடந்து சமாளிச்சிரும். மத்ததுக்குத் தண்ணி உறைஞ்சா எரை அடியில மாட்டிக்கிடும். சோத்துக்குத்தான் இமயமலையைத் தாண்டி வருது. உங்க அண்ணன் துபாய்க்குப் போகலையா?"

போன மார்கழியில் அந்தக் குளத்தில் வெடிச் சத்தம் கேட்டது. மீன் குத்தகைக்காரர் முருகையா நீர்க்காகங்களை விரட்ட வெடி போட்டார். வாத்துகளும் எழும்பிப் போய்விட்டன. மதினி சண்டைக்குப் போனார்.

"அது கேரளாக்காரன் வயல்ல மேய்க்க ஓட்டிட்டு வார தாரா வாத்து, அக்கா. தப்பி வந்திருக்கும்" என்றார் முருகையா.

"ஏலே, ஓட்டிட்டு வந்த தாரா மலை உயரத்துக்குப் பறக்குமாலே?"

அதோடு விடவில்லை. லாட்ஜின் கிழிந்த விரிப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுபோனார். மீன் குஞ்சு விட்டிருந்த மூலையில், காற்றில் அடித்து நீர்க்காகங்களை விரட்டும்படி கம்பு நட்டுக் கட்டச் சொன்னார். வெடி நின்றது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க வாத்துகள் திரும்பவில்லை.

"போயிட்டு, அக்கா" என்றார் முருகையா. எங்கள் ஊர்ப் பேச்சில் போய்விட்டது என்பதை அப்படித்தான் சொல்வோம்.

"பாதியில நிறுத்தாதடே. போயிட்டு வரும்னு சொல்லு" என்றார் மதினி. சொன்னாரே தவிர, இந்த ஐப்பசி வரைக்கும் அவருக்கே நம்பிக்கையில்லை. மழை விழும்போதெல்லாம் எனக்குப் போன் வரும்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் விடைபெறும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அண்ணன் கையைப் பிடித்துவிட்டு, பேசாமல் படியிறங்கினேன். மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது நெஞ்சை அறுத்தது. ஆலங்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நேரே குளத்துக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் முருகையா கரையிலிருந்தே கத்தினார்: "அண்ணாச்சி, வந்துட்டு! அக்காட்டச் சொல்லுங்க, ஒரு வெடி போடல!"

ஒரு மூலையில் லாட்ஜ் பெயர் போட்ட விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீரில் முக்கி, வாலை மேலே நீட்டி இரை தேடிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா போயிட்டாங்க, முருகையா."

தலைத்துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "போயிட்டு..." என்று தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

வெளிச்சம் மங்கும்வரை இருந்தேன். கிளம்பும்போது, துட்டி வீட்டில் சொல்லாமல் வந்ததைத் தண்ணீரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

"வந்துட்டு மதினி. நான் போயிட்டு வாரேன்."