மணி அடித்தும் உட்காராத ஷாலினி

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியை நான். மாணவர்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் வாசிக்கிறார்கள் என்று கைப்பேசியில் நேரம் வைத்துச் சோதிப்பேன். அன்று மாணவி ஷாலினி பாதிக் கதையில் இருந்தபோதே கைப்பேசி மணி அடித்தது.

"போதும், உட்காரு," என்றேன்.

"முடியாது டீச்சர். வெள்ளத்துல அந்தத் தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்க என்னா ஆனாங்கன்னு தெரியாம எப்படி உட்கார்றது?" என்றவள் கடைசி வரி வரை வாசித்தாள்.

கோபத்தில் அந்தக் கதையிலிருந்தே வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டேன். அதை வேகமாக வாசித்து முடித்தவர்கள் விழித்தார்கள். அவள் மட்டுமே பதில் சொன்னாள். வெட்கிப்போனேன்.

இப்போதும் நேரம் வைக்கிறேன். ஆனால் ஒரே கதையை மூன்று முறை வாசிக்கவைத்து, புரிந்ததைச் சொல்லச் சொல்கிறேன். வேகமும் தானாகக் கூடுகிறது.

"இப்படிப் போனா வருசத்துக்குள்ள பாடம் முடியாதுலா," என்கிறார் சக ஆசிரியர்.

முடியாவிட்டால் போகட்டும். புரியாமல் ஓடுவதை வாசிப்பென்று இனி ஒப்புக்கொள்ள மாட்டேன்.