ஒரு விரல் சுண்ணாம்பு

என் கணவரின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நான் என் மச்சத்தைச் சுட்டுக்கொள்ளவில்லை. அழகாக இருக்க ஆசைப்பட்டுச் சுட்டுக்கொண்டேன்.

இதைச் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மேலுதட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தழும்பைக் காட்டி, சயாமுக்குப் போன புருஷனைத் திருப்பிக் கொண்டுவந்த தழும்பு என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைப்பார்கள்!

நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்லியாக வேண்டிய ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தை நினைத்தால், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத் தோன்றுகிறது. சத்தங்கள் தூரத்தில் கேட்கின்றன. முகங்கள் மிதந்து மிதந்து வந்து போகின்றன... ஆனால் ஒரு லோரி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. சாலை வேலைக்குப் போன ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போன லோரி. அதில் என் கணவர் சின்னையா இருந்தார். பக்கத்து வீட்டு வீராசாமியும் இருந்தார். மூன்று மாத வேலை, சயாமில் ரயில் பாதை போடவேண்டும் என்றார்கள். வீராசாமியின் மனைவி அஞ்சலை, இடுப்பில் கைக்குழந்தையோடு, அந்த லோரியின் பின்னால் கோயில் முனை வரைக்கும் ஓடினாள். நான் ஓடவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு வருடம் போயிற்று. கடிதம் இல்லை, ஆள் மூலமாக ஒரு சொல் இல்லை.

நான் கடலோரத்தில் தெங்கேராவில், தலைமுறைகளாக இந்த ஊரிலேயே வாழும் ஒரு பாபா சீனர் வீட்டில் தரை துடைக்கும் வேலைக்குப் போனேன். வயதுப் பெண்கள் வெளியே போகும்போது முகத்தில் கரி பூசிக்கொண்டு போன காலம் அது. ஜப்பான் சிப்பாயின் கண் நம்மேல் விழக்கூடாது! நானும் அடுப்புக்கரியை நன்றாக அப்பிக்கொண்டு, கிழிந்த சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போவேன். அந்த வீட்டுக் கிணற்றடியில்தான் முகத்தைக் கழுவுவேன். வேலை முடிந்ததும் அவர்கள் அடுப்படியிலிருந்தே கரி எடுத்துப் பூசிக்கொண்டு திரும்புவேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது.

அதற்கு முன் என் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஓரம் உடைந்த கண்ணாடி. அதில் கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது. இங்கேயோ... உச்சி முதல் பாதம் வரை ஒரு பெண் நின்றாள்! அவள் பின்னால் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் கடல். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடும், அவள் கன்னத்திலும் ஆடும். தரை துடைக்கும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். பசி மறந்துவிடும். லோரி மறந்துவிடும். சயாம் மறந்துவிடும்.

ஒரே ஒரு குறை. மேலுதட்டின் வலப்பக்கத்தில் மிளகளவு மச்சம். சிறு வயதில் “ஈ ஒக்காந்திருக்கு, ஓட்டுடி” என்று பிள்ளைகள் கேலி செய்த மச்சம். அது மட்டும் இல்லையென்றால்... அது மட்டும் இல்லையென்றால் அந்தக் கண்ணாடிக்காரி எவ்வளவு அழகு!

யாருக்காக என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணவர் ஊரில் இல்லை. தெருவில் எல்லோருக்கும் கரிமுகம்தான் காட்டினேன். வேறொரு ஆணும் என் நினைவில் இல்லை, சத்தியமாக இல்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால்கூட உங்களுக்குப் புரியும்படி இருந்திருக்கும். நான் அந்தக் கண்ணாடிக்காகத்தான் ஆசைப்பட்டேன்.

தெங்கேராவில், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு துணிப்படம். அதில் ஒரு முகம், முகம் நிறையக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பலன். கெட்ட புள்ளிகளை அவர் மருந்து வைத்து எடுத்துவிடுவார்.

நான் என் உதட்டைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மலாயில் சொன்னார்.

“இனி பாகுஸ். மக்கான் சுக்குப். ஜாங்ஙான் புவாங்.”

நல்ல மச்சமாம்! இது இருந்தால் சாப்பாட்டுக்குக் குறை வராதாம். எடுக்காதே என்றார்... அந்த மனிதர் என்னிடம் சொன்னது இதுதான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை. மடியிலிருந்து அரிசியை எடுத்து வைத்தேன். இரண்டு பால் டின் அரிசி. தரை துடைத்த வீட்டில் கொடுப்பதில் வாரம் ஒரு பிடி எடுத்து, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை ஏமாற்றி, கணவர் வந்தால் முதல் நாள் சோறு வடித்துப் போடவேண்டும் என்று ஜாடியில் சேர்த்துவைத்த அரிசி அது.

கிழவர் அரிசியைப் பார்த்தார். சுண்ணாம்பையும் சாம்பல் காரத்தையும் குழைத்து மூங்கில் குச்சி முனையால் மச்சத்தின் மேல் வைத்தார். சுரீர் என்றது! கண்ணீர் தானாக வழிந்தது. ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது, எதுவும் படக்கூடாது என்று கையால் காட்டினார்.

எதுவும் படக்கூடாதாம்... கரி பூசாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? காயத்தை விட்டுவிட்டுத்தான் பூசினேன். வியர்வை அதைக் காயத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாம் நாள் உதடு வீங்கியது. ஐந்தாம் நாள் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்தான். ஆறியபோது, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம், நடுவில் கரியேறிய நீலம், உதட்டை ஒரு பக்கமாக மேலே இழுத்துப் பிடித்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப் பெண்ணைக் காணவில்லை. அவளைக் கொன்றது நான்தான்!

அதன்பிறகு கூடத்தைத் துடைக்கும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிப் பேசப் பழகினேன். கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான். விரல் தானாக அங்கே போய், இல்லாத மச்சத்தைத் தேடும்.

தழும்பை மறைக்கலாம். காரணத்தை எப்படி மறைப்பது? குழாயடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “என்னாக்கா வாயில? என்னா ஆச்சு?” புருஷன் சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது இவளுக்குச் சிங்காரம் கேட்கிறதா என்று சொல்லிவிடுவார்களே! வாயில் வந்தது ஒரு பொய்.

“இந்த மச்சம் புருசனுக்கு ஆகாதாம். சீனக் கிழவரு படம் பாத்துச் சொன்னாரு. அதான் சுட்டுக்கிட்டேன்.”

ஒரு கிழவி என் தலையைத் தொட்டாள். அஞ்சலை மட்டும் தன் இடது கண்ணோரத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“எனக்கும் ஒண்ணு இருக்கேக்கா. இது எப்படி?”

இல்லையம்மா, உன்னுடையது நல்ல மச்சம் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு எளிது! ஆனால் பலனைப் பற்றி இன்னும் பேசினால் பொய் கலைந்துவிடுமோ என்று பயந்தேன்.

“எனக்கென்னா தெரியும், அஞ்சல” என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளிடம் அரிசி இல்லை. துணிச்சலும் இல்லை. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் என்று பயந்தாள். அப்படியே நாட்கள் போயின.

ஜப்பான்காரன் தோற்றான். சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒரு காலை நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் எலும்புக்கூடு வந்து நின்றது. காலில் அழுகிய புண். கண்கள் மட்டும் சின்னையாவின் கண்கள்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

“மச்சம் எங்க?” என்றார். “அங்க எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, தனம். ஒன் கண்ணு, மூக்கு எதுவும் ஞாபகம் வரல. அந்த மச்சம் மட்டுந்தான் நின்னுச்சு. அத வச்சுத்தான் ஒன்னத் தேடித் தேடி...”

நான் பதில் சொல்வதற்குள், வாசலில் கூடிவிட்டிருந்த கூட்டத்திலிருந்து அஞ்சலை சொன்னாள்: “ஒங்களுக்காகத்தான் அண்ணே சுட்டுக்கிட்டாங்க. அந்த மச்சம் ஒங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாங்களாம்.”

அவர் விரலால் தழும்பைத் தொட்டார். தொட்டுக்கொண்டே அழுதார். அந்த அழுகையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்குரியது இல்லை என்று தெரிந்தே வாங்கிக்கொண்டேன்! அன்று அவருக்குக் கஞ்சிக்கு அரிசி இல்லை. கிழங்கைத்தான் வேகவைத்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அஞ்சலை அவர் பாயோரம் உட்கார்ந்து, “அண்ணே, அவரு?” என்று கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். காய்ச்சல் வேகத்தில் அவரால் பேச முடியவில்லை என்றே அவள் நினைத்தாள்.

நான்காம் நாள் காலை அவள் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தா குடுங்கக்கா.”

அஞ்சலை வெற்றிலை போடுகிறவள் இல்லை.

உங்களுக்குப் புரிகிறதா? அவளுக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும்! காரம் குழைக்கும் விதத்தைக் குழாயடியில் கதையாகச் சொன்னவளே நான். வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. கண்ணோரத்து மச்சம் துலக்கமாகத் தெரிந்தது. உள்ளே என் கணவர் பாயில் படுத்திருந்தார். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அது அவர் காதில் விழுந்துவிடும். அவர் தொட்டு அழுத தழும்பு வெறும் தழும்பாகிவிடும்.

சுண்ணாம்பு டப்பியைத் திறந்தேன். அவள் விரலை நீட்டினாள். நான் வழித்து வைத்தேன்.

அவள் அலறிய அலறல் சிறிது நேரம் கழித்துத்தான் கேட்டது. அதுவரை நான் அடுப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரம் கண்ணுக்குள் வழிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவள் இடது கண்மணி வெளுத்துப்போனது. அந்த வாரத்தில்தான் என் கணவருக்குக் காய்ச்சல் விட்டது. துணி கட்டிய கண்ணோடு வந்து உட்கார்ந்தவளிடம் அவர் உண்மையைச் சொன்னார்.

“வீராசாமி போன வருசம் மழக்காலத்துலயே போய்ட்டான்மா. காலரா. நாந்தான் பக்கத்துல இருந்தேன்.”

அஞ்சலை உடனே அழவில்லை. விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க சுட்டுக்கிட்டது அதுக்கு முன்னாடி இல்லக்கா? பொங்கலுக்கு முன்னாடி... அன்னிக்கே நானும் செஞ்சிருந்தா அவரு இருந்திருப்பாரு. பயந்துக்கிட்டு பிந்திட்டேன்கா. நாந்தான் கொன்னுட்டேன்.”

அப்போதாவது சொன்னேனா? இல்லை. கணவரின் மனம் உடையும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் மானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். பெண்கள் எனக்குக் குங்குமம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கனவில் எனக்கு இன்னும் மச்சம் இருக்கிறது. அந்தக் கூடம், அந்தக் கடல் வெளிச்சம், முழுக்கண்ணாடி... அழகாகத்தான் இருக்கிறேன். பிறகு பின்வாசலில் அஞ்சலையின் குரல் கேட்கும். இந்த முறை கொடுக்கக்கூடாது என்று கனவிலும் எனக்குத் தெரியும். ஆனாலும் கை டப்பியைத் திறந்துவிடும்.

போன வாரம் செமாபோக்கிலிருந்து அஞ்சலை வந்திருந்தாள். அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம். அந்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். லட்சணமான பெண். தாயைப் போலவே இடது கண்ணோரத்தில் ஒரு மச்சம்!

“இவளுக்கும் அதே எடத்துல இருக்குக்கா” என்றாள் அஞ்சலை. “தாலி ஏர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும். டாக்டரு வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்காரு. நீங்க கூட வந்து அவ கையப் புடிச்சுக்கணும். ஒங்க கை ராசியான கை.”

“வேணாம் அஞ்சல... இருந்துட்டுப் போவட்டும்” என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்!

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“ஏங்க்கா, எம் மவளும் என்னாட்டம் பிந்தணுமா?”

அறைக்குள் நாற்காலியில் என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவளிடம் காரணம் சொல்லவேண்டும். என்னிடம் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். தொண்டை வரை வந்தது. தழும்பு உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப வலிக்குமா, பெரியம்மா?”

“கொஞ்சம் எரியும்மா” என்றேன். “அவ்வளவுதான்.”