பீட்சாவோடு வந்த தீர்க்கதரிசி

மொன்றியலில் நான் வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த காலம். பிரெஞ்சில் எது கிழக்கு, எது மேற்கு என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அப்படித் தெரு மாறிப்போன ஒரு மாலையில்தான் அவளைச் சந்தித்தேன்.

மணியை அழுத்துமுன்பே கதவு திறந்தது. முன்பல் விழுந்த ஒரு யூதச் சிறுமி, பின்னல் நுனியைக் கடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் தீர்க்கதரிசியோ?"

"இல்லைப் பிள்ளை, பீட்சாக்காரன்."

பின்னால் ஓடிவந்த தாய்தான் விளக்கினார். பஸ்கா பண்டிகை இரவு விருந்தில், எலியா தீர்க்கதரிசி வருவார் என்று பிள்ளைகள் கதவைத் திறப்பது யூதர்களின் வழக்கமாம். போன மாரிக்காலத்தில் யாரோ இதே வாசலில் சிறுமியின் தகப்பனை அடித்துப் போட்டார்கள். அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அதற்குப் பிறகு மகள் இந்தக் கதவைத் தொட்டது இன்றுதான். தொட்டவள் கண்டது என் தாடியை.

சிறுமி என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"பசிச்ச ஆக்கள் எல்லாரும் வரலாம். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ. அது வரக்கூடாது. இண்டைக்குப் பஸ்கா, புளிச்ச மா வீட்டுக்குள்ள வரேலாது."

வேலை இருக்கிறதென்று சொல்லி இரும்புப் படிகளில் இறங்கினேன். தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் நடுங்கியபடியே கதவைச் சாத்தாமல் நின்றாள்.

யுத்தம் நடந்த காலத்தில், ஊரில் ஒருநாள் ஆயுதங்களோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். அம்மா திறந்தார். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. இன்றும் மணி அடித்தால் நான் விளக்கை அணைத்துவிட்டு, ஆளில்லாத வீடுபோல் படுத்துக்கொள்வேன். வந்திருப்பது நானே சொல்லி வைத்த பீட்சாவாக இருந்தாலும்.