ஹெங் அங்கிள் வாசலில் ஒட்டிய ஐந்து

“நான்கிலிருந்து ஐம்பத்துமூன்று வரை உள்ள வீடுகள் எந்தப் பக்கம்?” வரைபடமும் கையுமாக நின்ற பயணி கேட்டார். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அப்பாவின் மசாலைக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் தெருவுக்குப் புதுச் சாயம் பூசி, பார்க்கவேண்டிய பழைய வீடுகள் என்று பன்னிரண்டுக்கு மட்டுமே ஒன்றிலிருந்து வரிசையாக எண் பலகை மாட்டியிருந்தார்கள்.

வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹெங் அங்கிளின் நான்காம் எண் பலகை, முன்னால் ஒட்டிய ஓர் ஐந்தால் ஐம்பத்துநான்கு ஆகியிருந்தது. ஃபெரி படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டும் அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் கல்யாணம் கூடிவந்திருந்தது.

“நீங்கதான் ஒட்டினீங்களா அங்கிள்?”

“கத்தாத லா! சீன பாஷையில நாலும் சாவும் எங்களுக்கு ஒரே சத்தம். பொண்ணோட அக்கா ஈப்போக்காரி, நாலு போட்ட வாசல்ல கால் வைக்கமாட்டேன்னுட்டா. அவ ஊர்ச் சீனத்துல அம்பத்துநாலுன்னா ‘சாகாது’ன்னு காதுல விழும். ஞாயித்துக்கிழமை கல்யாணச் சடங்குல பெரியவங்களுக்கு டீ குடுத்து முடிக்கிற வரைக்கும் இருந்தாப் போதும்.”

ஞாயிறு காலை, மணப்பெண் லாய் குவானும் அக்கா மெய் ஃபோங்கும் காரைவிட்டு இறங்கும் நேரம் பார்த்து, பலகை மாட்டிய அதிகாரி ரஷ்டான் சுரண்டுகத்தியோடு வந்துசேர்ந்தார். முப்பது பேர் வழி தெரியாமல் அலைந்து புகார் கொடுத்தார்களாம்.

“வரைபடத்துல நாலுதான்” என்று ஐந்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“கத்திய அங்கேர்ந்து எடு! அந்த அஞ்சு போச்சுன்னா என் தங்கச்சியும் போச்சு” என்றார் மெய் ஃபோங்.

ஹெங் அங்கிள் மணப்பெண் பக்கம் திரும்பினார். “குவான், நீயாவது சொல்லேன்!”

“எனக்கு எந்த நம்பரும் சரிதான். அக்கா உள்ள வரலன்னா டீ யாருக்குக் குடுக்கிறது? உங்க பலகைக்கா?”

ரஷ்டான் கத்தியை மடக்கினார். “ஆன்ட்டி, உங்க அடுக்குமாடியில மூணுக்கு அடுத்த மாடிக்கு என்ன போட்டிருக்கு?”

“மூணு ஏ” என்ற மெய் ஃபோங் தானே சிரித்துவிட்டார்.

ரஷ்டான் எண்களை நாடா ஒட்டி மறைத்து, மேலே பட்டைப் பேனாவால் 3A என்று எழுதினார். மெய் ஃபோங் வாசலைத் தாண்டினார். ஹெங் அங்கிள் அவசரத்தில் நீட்டிய தேநீரில் பாதி தட்டில்தான் இருந்தது. மெய் ஃபோங் அதையும் விடாமல் குடித்தார்.

வரைபடம் இன்னும் மாறவில்லை, அதில் நாலுதான். பினாங்குக்கு யாராவது கிளம்பினால் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள். தாராளமாக 3A கதவைத் தட்டலாம். ஆனால் “நாலு எங்கே?” என்று மட்டும் சத்தமாகக் கேட்கவேண்டாம். மெய் ஃபோங் இன்னும் ஈப்போவுக்குத் திரும்பவில்லை.