குளத்து நிற நீச்சலுடை

கிளெனிஸ் தைத்த நீச்சலுடையில் நிம்மதியாக மூச்சு விடலாம். கடையில் விற்பதெல்லாம் ஒல்லிக்குச்சிப் பெண்களுக்கு அளவெடுத்தவை. தோளை அறுக்கும், தொடையைக் கடிக்கும். அறுபதைத் தாண்டிய எங்களுக்கு யார் தைப்பார்கள்? படகுப் பாய் தைக்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்த கிளெனிஸ்தான் தைத்தாள். அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை இழந்த மெர்லுக்கு உள்ளே தனியாக ஒரு பஞ்சுப் பை வைத்துக் கொடுத்தாள். மெர்ல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுதே விட்டாள்.

சிட்னிக்குத் தெற்கே, பாறையோடு சேர்த்துக் கட்டிய கடல்நீர்க் குளம் எங்களுடையது. மழையோ குளிரோ, காலை ஆறரைக்குப் பதினோரு பெண்கள் இறங்குவோம். ஏறியதும் தலையை எண்ணுவோம். பதினொன்று வராமல் யாரும் டீ பிளாஸ்கைத் தொடக்கூடாது.

கிளெனிஸுக்கு அந்தக் குளத்தின் மேல் பித்து. அடியில் இருக்கும் பாசியின் பச்சையையும் பாறையின் பழுப்பையும் அப்படியே வரைந்து துணியில் அச்சடித்தாள். குளிருக்கென்று முழுக்கை, முழுக்கால், அதே துணியில் குல்லா. ஆளுக்கொன்று கொடுத்தாள். அடடா, என்ன அழகு!

"ஏய், நாம இந்தக் குளத்துலயே முளைச்ச மாதிரி இருக்கோம்டி!" என்று மெர்ல் சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

பதினோரு கிழவிகளில் ஒருத்திக்காவது புத்தி வேலை செய்ததா? எனக்கும்தான் செய்யவில்லை.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேரலை ஒன்று கடல் பக்கச் சுவரைத் தாண்டிக் குளத்துக்குள் விழுந்தது. கத்திச் சிரித்துக்கொண்டே கரையேறினோம். எண்ணினோம். பத்து.

"ஒழுங்கா எண்ணுங்கடி," என்றாள் கிளெனிஸ். மறுபடியும் பத்து.

"மெர்லைக் காணோம்! காருக்குப் போயிட்டாளா?"

தண்ணீரைப் பார்த்தோம். பச்சை, பழுப்பு, பாசி. வேறு ஒன்றுமில்லை. கிளெனிஸ் விளிம்பில் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். நான் உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை.

திரும்பி வந்தபோது கிளெனிஸ் தன் கையையே வெறித்துக்கொண்டிருந்தாள். கையை மூடியிருந்த துணியின் பச்சையையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ, உள்ளதான் இருக்கா! நமக்குத்தான் தெரியல!" என்று அலறிக்கொண்டே குதித்தாள்.

நாங்களும் குதித்து, அடியைக் கையால் தடவித் தடவித் தேடினோம். மூன்றாவது முறை மூழ்கியபோது கிளெனிஸ் கையில் ஒரு தோள் சிக்கியது. பாறை இடுக்கில் மாட்டிய காலை விடுவித்துத் தூக்கினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சை அழுத்தினோம், அழுத்தினோம். கடைசியில் தண்ணீரைக் கக்கி இருமினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளெனிஸ் அழுகையை அடக்கிக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு, மெர்ல்," என்றாள்.

மெர்ல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை கட்டிப்போன குரலில் சொன்னாள்: "நீ குனிஞ்சு பார்த்தியே, அப்போ எனக்கு நினைவு இருந்துச்சு. உன்னையேதான் பார்த்துட்டு இருந்தேன். நீயும் நேரா என்னைத்தான் பார்த்தே. தப்பிச்சோம்னு நினைச்சேன். அப்புறம் நீ திரும்பிட்டே."

கிளெனிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சில்தான் தைக்கிறாள். மெர்லும் அதைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அன்று அறைக்கு ஓடுவதற்கு முன் நானும் அந்த இடத்தைத்தான் குனிந்து பார்த்தேன். அதை மெர்லிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.