மறுபடி ஓடிய நானூறு மீட்டர்

எண்பதுகளின் ஆரம்பத்தில், ஒரு தை மாதச் சனிக்கிழமை, சங்கரன்கோவிலில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது இது. நான் அப்போது அதே ஊரில் வேறொரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. டிரில் டீச்சர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இதை நான் சொல்லாவிட்டாலும் ஊரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நெடுந்தூர ஓட்டக்காரி. மூவாயிரம் மீட்டர், கிராஸ் கன்ட்ரி, கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வைக்கிற சாலை ஓட்டம் என்று எதையும் விட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது நீண்ட தூரம் ஓடும் பெண்கள் அதிகம் இல்லாததால் பரிசுகள் பெரும்பாலும் எனக்கே வந்தன. எவர்சில்வர் குடம், தூக்குவாளி, சம்புடம் என்று வீட்டில் சேர்ந்துபோயின. என் மாமியார் அரிசியும் பருப்பும் அவற்றில்தான் கொட்டி வைத்திருந்தார்கள். நான் ஓடுவதைப் பற்றி அவர்களுக்கு நூறு குறை உண்டு. பாத்திரங்களைப் பற்றி ஒரு குறையும் கிடையாது.

ஆனால் நான் ஓட ஆரம்பித்தது நானூறு மீட்டரில். கல்லூரியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, "உனக்கு மூச்சு இருக்கு, வேகம் இல்லை" என்று சொல்லி நெடுந்தூரத்துக்குத் தள்ளிவிட்டார். அதுவரை நான் எத்தனை முறை ஓடியும் நானூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமும் கொசுறும் ஆகும். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரிப் பெண்களுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கோட்டை வாசல். எத்தனை குடம் வாங்கினாலும் அந்தக் கொசுறு பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

முந்தைய வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், வீட்டில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர்கள் மெதுவாகத்தான் சொன்னார்கள். "கர்த்தர்ட்ட ஒரு பொருத்தனை பண்ணிருக்கேன். நீ ஓட்டத்த நிப்பாட்டணும்மா." நேர்த்திக்கடனைத்தான் எங்கள் வீட்டில் பொருத்தனை என்போம்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா எங்கள் இருவருக்குமே குறை எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லியிருந்தார். ஆனால் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷி கண் கலங்கிக் கேட்கும்போது டாக்டர் சொன்னதை எடுத்து முன்னால் வைக்க எனக்கு வாய் வரவில்லை. "தை மாசம் நம்ம ஊர்லயே ஒரு மீட் இருக்கு அத்தை. அதோட நிப்பாட்டிருதேன்" என்று சொல்லிவிட்டேன். பைபிள் மடியில் இருக்கும்போது சொன்ன வார்த்தை. அப்புறம் அடுக்களையில் என் வீட்டுக்காரர், "வேற எங்கயாவது வச்சுச் சொல்லியிருந்தாலும் பேசிப் பாக்கலாம். ஜெபத்துல வச்சு ஒத்துக்கிட்டியேட்டி" என்றார். அவருக்கு என்னைவிட வருத்தம்.

ஒரே ஒரு ஓட்டம்தான் மிச்சம் என்று ஆனபிறகு எனக்கு மூவாயிரம் மீட்டர் வேண்டியிருக்கவில்லை. நானூறுக்குப் பெயர் கொடுத்தேன். தெரிந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். "கைக்கு வாற குடத்த விட்டுட்டு சோப்பு டப்பாவுக்கு ஓடுதியளாக்கும்" என்று என் கூட வேலை பார்த்த கணக்கு டீச்சர் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குருவிகுளம் ரோட்டில் விடியற்காலையில் பயிற்சி. என் வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னால் வருவார். அவர் தன் உரக்கடையைத் திறக்கும் நேரத்துக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவோம். குறுகிய தூரம் ஓடுவதற்கு நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு, மறக்க வேண்டியதுதான் அதிகம். நெடுந்தூரக்காரிக்கு மிச்சம் வைத்தே பழக்கம். யாராவது விருந்தாளி வந்துவிட்டால் என்ன செய்வது என்று குழம்பில் பாதியை எடுத்து மூடிவைக்கிறவள் மாதிரி, பாதித் தூரம் வந்ததும் என் கால் தானாக வேகத்தை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து அவர், "மிச்சம் வைக்காத, மிச்சம் வைக்காத" என்று கத்திக்கொண்டே வருவார். ஆடு பத்திக்கொண்டு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

போட்டி நாளன்று பெண்கள் நானூறு மீட்டருக்கு ஆறு பேர் நின்றோம். மற்ற ஐந்து பேரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். புளியங்குடியிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். எலுமிச்சை வியாபாரம் செய்கிற குடும்பம். ஒடிசலான உடம்பு, வெறுங்கால். அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தே முதலிடம் யாருக்கு என்று தெரிந்துவிட்டது. கடையநல்லூரிலிருந்து ஒரு பெண், கணுக்கால் வரை பேண்ட் போட்டிருந்தாள், கூட அவள் காக்கா வந்திருந்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நேரம் பார்க்க, முதலில் வருகிறவருக்கு ஒருவர், இரண்டாவதுக்கு ஒருவர், மூன்றாவதுக்கு ஒருவர் என்று மூன்று பேர் கடிகாரத்தோடு நின்றார்கள். எல்லோரும் வெளியூர் ஆசிரியர்கள், எனக்குப் பழக்கமில்லாதவர்கள். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் துப்பாக்கியைத் தூக்கினார். முதல் தடவை 'டிக்' என்று மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. நாங்கள் யாரும் அசைவதற்குள் அவர் மறுபடி அழுத்த, வெடித்துவிட்டது. ஓடினோம். புளியங்குடிப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள். கடையநல்லூர்ப் பெண் இரண்டாவது. அவள் தோளை ஒட்டி நான் மூன்றாவது.

மைக்கில் நேரம் சொன்னார்கள். எனக்கு ஒரு நிமிடத்துக்குள். அவ்வளவு பேர் முன்னால் நான் அழுதேன். வெட்கமாக இல்லை. கல்லூரி நாளிலிருந்து சுமந்த கொசுறு கழன்று விழுந்த சந்தோஷம். என் வீட்டுக்காரர் என்னோடு ஓடிய பிள்ளைகள் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சோடாக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, பிள்ளை பிறந்த வீட்டு ஆள் மாதிரிச் சிரித்தார்.

மத்தியானம் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். மூன்றாவது இடத்துக்கு நேரம் பார்த்த ஆசிரியர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் பிரிக்காத சோற்றுப் பொட்டலம்.

"டீச்சர், உங்க டைம் சரியில்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே கடிகாரத்தை எடுத்துக் காட்டி விளக்கினார். அதில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் முள் ஓடும், அடுத்த தடவை நிற்கும், மூன்றாவது தடவை பூஜ்யத்துக்கு வரும். "மொத தடவ டிக்னு கேட்டப்பவே நான் அமுக்கிட்டேன். அத நிப்பாட்டி, முள்ள திருப்பிக் கொண்டு வாறதுக்குள்ள அடுத்தது வெடிச்சிட்டு. நான் தாமசமாத்தான் அமுக்குனேன். ஒரு செகண்ட் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

ஒரு செகண்ட் கூட்டினால் என் நேரம் மறுபடி ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். மூன்றாவது இடம் மாறாது, பரிசு மாறாது. அந்த ஒரு செகண்ட் உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தேவைப்படாத ஒன்று. அதைத்தான் அவர் வந்து திருப்பிக் கேட்கிறார்.

"இத ஏன் சார் எங்கிட்ட வந்து சொல்லுதிய? பேசாம இருந்திருக்கலாம்லா" என்றேன். மரியாதையாகச் சொல்லவில்லை.

"இருந்திருக்கலாம். நீங்க அழுதத பாத்துட்டேன். சாப்பிட உக்காந்தா எறங்கல" என்றார்.

என் வீட்டுக்காரர், "சவத்த விடு, மைக்குல சொன்னது சொன்னதுதான்" என்றார். என்னால் விட முடியவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் சாகும்வரை அதை வைத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். தெரிந்த பிறகு அது என்னுடையது இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ளவும் வழி இல்லை. பொருத்தனைக் கதையை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியாது, கோபத்தில் கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். பரிசளிப்பு முடிந்ததும் மைதானம் சும்மாதான் இருக்கும், மூன்று கடிகாரத்தையும் எனக்கே வைத்து நேரம் பார்க்கலாம், போட்டிக் கணக்கில் சேராது, ஆனால் நேரம் நேரம்தான் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். தனியாக ஓடினால் எனக்கு நானூறு மீட்டர் வராது. பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் நான் மறுபடி நெடுந்தூரக்காரி ஆகிவிடுவேன்.

"நான் வாரேன்க்கா" என்றாள் புளியங்குடிப் பெண்.

கடையநல்லூர்ப் பெண் தன் காக்காவைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "பஸ்ஸ உட்டா அடுத்தது இருக்கு. ஓடிட்டு வா" என்றார். இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோடுகள் பகல் முழுக்க மிதிபட்டு அழிந்துபோயிருந்தன. அந்த ஆசிரியரே ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு போய் வளைவில் மட்டும் புதிதாகக் கோடு போட்டார். இந்தத் தடவை துப்பாக்கியை நம்பாமல் இரண்டு பலகையை அடித்து ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள்.

காலையில் யாரையும் பார்க்காமல் ஓடிய பெண், இப்போது எனக்கு இரண்டு எட்டு முன்னால் மட்டுமே ஓடினாள். அவள் முழு வேகத்தில் ஓடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்து நேர்கோட்டில் என் பழைய வியாதி வந்துவிட்டது. கால் மிச்சம் வைக்க ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்து, "வாங்கக்கா" என்றாள். எதற்காக மிச்சம் வைக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு ஓட்டம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. இருந்ததை எல்லாம் அங்கேயே செலவழித்தேன். கடைசி ஐம்பது மீட்டரில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோட்டைத் தாண்டி அப்படியே மண்ணில் விழுந்தேன்.

அந்த ஆசிரியர் மூன்று கடிகாரங்களையும் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறித்தான் காட்டின. அப்படி இருந்தால் நடுவில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நடுவில் இருந்தது சரியாக ஒரு நிமிடம்.

"ஒரு நிமிசம் டீச்சர். உள்ள இல்ல" என்றார். அவர் குரல்தான் உடைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொசுறு போய்விட்டது, ஆனால் வாசலுக்குள் விடவில்லை. என் வாழ்நாளில் நான் ஓடிய மிகச் சிறந்த நானூறு மீட்டர் அதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மத்தியானம் அவரிடம் மரியாதை இல்லாமல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், "இப்ப சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைத் தேடிப் போனார்.

புளியங்குடிப் பெண் அரைக்கால் சட்டைக்கு மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சு முடிச்ச பிள்ள, எனக்காவ எதுக்கு மறுபடி ஓடுன?" என்று கேட்டேன்.

"எனக்குச் சித்திரைல கல்யாணம்க்கா. மாப்ள வீட்ல ஓட்டம்லாம் ஆவாதுன்னுட்டாவ" என்றாள், முடிச்சைப் போட்டுக்கொண்டே. "மாசில தென்காசி மீட்டுக்கு விடுதம்னு எங்கய்யா சொல்லிருக்காவ. அன்னைக்கு எனக்கும் இப்படி யாராவது கூட ஓடுனா நல்லாருக்கும்லா."

கடையநல்லூர்ப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அவள் கூட நின்ற மற்ற இருவருக்கும் யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எனக்குத்தான் அதுவரை என் கதை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. தென்காசிக்கு நான் வருகிறேன், ஓட மாட்டேன், கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறேன் என்று சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தினேன். மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். மாமியார் அதைப் பொருத்தனை என்றார்கள். நான் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த மாசியிலேயே, தென்காசிக்குப் போனேன். புளியங்குடிப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. நிச்சயமான பெண்ணை அரைக்கால் சட்டையோடு நாலு பேர் முன்னால் நிறுத்துவதா என்று முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வந்து, அவள் அப்பாவும் வாயை மூடிக்கொண்டார் என்று அவளுடைய பள்ளி ஆசிரியை சொன்னார். அவள் தடம் காலியாகவே இருக்க, மற்றவர்கள் ஓடினார்கள். நான் பாதியில் எழுந்து பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையின் சிறந்த ஓட்டம் என்று இன்றுவரை நான் சொல்லிக்கொள்கிற அந்தச் சாயங்கால ஓட்டத்தில், அதுதான் தன் கடைசி ஓட்டம் என்று தெரியாமலே ஒருத்தி எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள் என்பதை நினைத்தால், சந்தோஷத்தோடு ஒரு கடனும் சேர்ந்தே நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.